பதினோராம் இலக்கம் சாவகச்சேரி

எங்கள் வீட்டு மண்டபத்தில் மூன்று வருடமாகச் சாப்பாட்டு மேசை கிடையாது. அது இருந்த இடத்தில் பழைய கதவுப் பலகைகளைப் பொருத்திச் செய்த பெரிய மேடை ஒன்று நின்றது. மேடை நிறையத் தண்டவாளம். தண்டவாளம் நிறைய என் மனுசனின் விளையாட்டு ரயில்கள். எஞ்சின் மட்டும் நாற்பத்திரண்டு. நாங்கள் இரண்டு பேரும் குசினியில் பலகைக்கட்டையில் குந்தியிருந்து சாப்பிட்டோம். பிள்ளை இல்லாத வீட்டில் விளையாட்டுச் சாமான் எதற்கு என்று கேட்க வந்தவர்களை நான் தேத்தண்ணி கொடுக்காமலே அனுப்பியிருக்கிறேன். அதைக் கேட்கிற உரிமை எனக்கு மட்டும்தான் இருந்தது, நான் தினமும் கேட்டேன்.

இவர் ஜேர்மன்காரரின் கப்பல்களில் பதினெட்டு வருடம் எலெக்ட்ரீசியனாக இருந்தவர். மற்றவர்கள் கப்பலால் வரும்போது ரேடியோ, சேலை, சென்ற் என்று கொண்டுவருவார்கள். இவர் ஹம்பேர்க்கில் சனிக்கிழமைச் சந்தையில் கிழவர்கள் விற்கிற பழைய எஞ்சின்களைச் சட்டைகளுக்குள் சுற்றிக்கொண்டு வருவார். எண்பத்தைந்தில் கப்பலை விட்டுவிட்டுப் பருத்தித்துறைக்கு வந்து நிரந்தரமாக இருந்தபோது பெட்டி பெட்டியாக அவைதான் வந்து இறங்கின.

கடைசிப் பயணத்தில் அங்கே ஒரு கடையில் புது முறை ஒன்றைப் பார்த்திருக்கிறார். பழைய முறையில் தண்டவாளத்துக்கு மின்சாரம் கொடுத்தால் அதில் நிற்கிற எல்லா எஞ்சினும் ஒன்றாக ஓடும், எடுத்தால் ஒன்றாக நிற்கும். புது முறையில் ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் விரல்நுனி அளவில் ஒரு மின்தகடு. ஒவ்வொரு தகட்டுக்கும் ஒரு இலக்கம். கையில் உள்ள பெட்டியில் அந்த இலக்கத்தை அமத்தினால் செய்தி தண்டவாளத்தாலேயே போய், அந்த எஞ்சின் மட்டும் ஓடும். மற்றதெல்லாம் அப்படியே நிற்கும். "டிஜிற்றல்" என்பார். வாய்க்குள் கற்கண்டு வைத்துக்கொண்டு பேசுவதுபோல் இருக்கும்.

விலை மட்டும் கற்கண்டாக இல்லை. நாற்பத்திரண்டு எஞ்சினுக்கும் கடையில் வாங்கினால் வீட்டை விற்க வேண்டும். இவர் என்ன செய்தார்? ஒரே ஒரு தகட்டை வாங்கி, கப்பலிலேயே கழற்றிப் பார்த்தார். உள்ளே இருந்த சிப், பணக்காரர்கள் காரில் இருந்தபடி கராஜ் கதவைத் திறக்கிற கருவியில் இருக்கிற அதே சிப். சிங்கப்பூரில் நூறு சிப்பை ஒரு பையில் போட்டு, எனக்கு வாங்கிய சேலையை விடக் குறைந்த விலைக்கு வாங்கிவந்தார். மற்றதெல்லாம் செத்த ரீவிக்குள்ளும் ரேடியோவுக்குள்ளும் இருந்து கழற்றியது. கைப்பெட்டி, பழைய பிஸ்கற் ரின். அதில் இருந்த பொத்தான்கள், உடைந்துபோன கணக்குப் போடும் மெசினுடையவை. மூன்று வருடத்தில் முப்பத்தெட்டு எஞ்சினை மாற்றிவிட்டார். ஒரு எஞ்சினுக்கு ஒரு கோழி முட்டை விலை என்று கண்டவர் நின்றவருக்கெல்லாம் சொன்னார். ஜேர்மன்காரன் இதை அறிந்தால் கடையைப் பூட்டிவிடுவானாம்.

எண்பத்தெட்டு வைகாசியில் ஒரு நாள் காலை எட்டு மணிபோல் எங்கள் ஒழுங்கையை ஆமி வளைத்தது. அந்த வருடம் ஊரில் நின்றது இந்தியாவில் இருந்து வந்த ஆமி. வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். எங்கள் வீட்டுக்குள் முதலில் நுழைந்த சிப்பாய் மண்டபத்து வாசலில் நின்றான். பிறகு ஒரு அடி பின்னால் வைத்தான். பிறகு சத்தம் போட்டான்.

அவன் கண்ணால் பார்த்தால் என்ன தெரிந்திருக்கும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மேடை முழுக்க வயர். ஓரத்தில் லொறி பற்றறி. ஈயப்பற்று வைக்கிற கோல், சின்னச் சின்ன மின்தகடுகள் ஒரு தட்டில் குவியலாக. நடுவில் ஒரு ரின் பெட்டி, அதில் இலக்கம் எழுதிய பொத்தான்கள். ரயில் எங்கே தெரியப்போகிறது அவனுக்கு?

ஒபிசர் வந்தார். மரியாதையான ஆள், சத்தம் போடவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. அவரோடு மதுரைப் பக்கத்துச் சிப்பாய் ஒருவன் மொழிபெயர்க்க வந்தான். இவரைக் கதிரையில் இருத்தி, பின்னால் துவக்கோடு ஒருவனை நிறுத்தினார்கள். கேற்றடியில் லொறி நின்றது. அதில் ஏற்கெனவே ஒழுங்கையில் பிடித்த இரண்டு பேர் குந்தியிருந்தார்கள். போன மாசம் அப்படி ஏறிப்போன, பக்கத்து ஒழுங்கைச் செபமாலையின் தம்பி இன்னும் வீட்டுக்கு வரவில்லை.

"இத எங்க வாங்கினீங்கன்னு சார் கேக்கிறார்," என்றான் மதுரைக்காரன்.

நான் குசினி வாசலில் நின்று கண்ணால் சொன்னேன். ஜேர்மனி என்று சொல்லுங்கோ. ஒரு சொல். முதல் தகடு வாங்கிய கடைச் சிட்டைகூட அலமாரியில் இருக்கிறது.

"வாங்கேல்லை. நான்தான் செய்தனான்," என்றார் இவர். தமிழில் சொன்னது போதாதென்று ஒபிசரைப் பார்த்து இங்கிலீசிலும் சொன்னார்.

எனக்கு வந்த கோபத்தில் அந்தத் துவக்கை நானே வாங்கிச் சுடலாம்போல் இருந்தது.

"எத்தனை செஞ்சீங்க?"

"முப்பத்தெட்டு முடிஞ்சுது. இன்னும் நாலு கிடக்கு. தம்பி, கடையிலை உது என்ன விலை தெரியுமோ? நான் ஒண்டுக்கு..."

"இஞ்சருங்கோ!" என்று நான் கத்தினேன். துவக்குக்காரன் என் பக்கம் திரும்பினான். இவர் வாயை மூடினார்.

அதற்குள் இன்னொரு சிப்பாய் மேடைக்குக் கீழே கிடந்த கொப்பியை எடுத்துவிட்டான். நாற்பத்திரண்டு இலக்கத்தையும் எது எந்த எஞ்சின் என்று நினைவில் வைக்க முடியாமல், இவர் ஒவ்வொன்றுக்கும் எங்கள் ரயில் பாதையில் உள்ள ஸ்ரேசன் பெயரை வைத்திருந்தார். காங்கேசன்துறையில் இருந்து தெற்கே வரிசையாக. சின்ன வயதில் இருந்து ரயிலில் போய்வந்து எங்கள் எல்லோருக்கும் அது தேவாரம்போல் பாடம். ஒவ்வொரு தகட்டையும் பொருத்தி ஓட்டிப் பார்த்த திகதியையும் பக்கத்தில் எழுதியிருந்தார்.

மதுரைக்காரன் முதலில் சாதாரணமாகத்தான் வாசித்தான்.

"காங்கேசன்துறை, ஒண்ணு, மாசி பன்னிரண்டு, சரி. தெல்லிப்பழை, ரெண்டு, மாசி பதினாலு, சரி." குரல் இறங்கியது. "சாவகச்சேரி, பதினொண்ணு, சித்திரை இருபத்தேழு, சரி. ஆனையிறவு, பதினேழு, சரியில்லை, திரும்பச் செய்ய வேண்டும்."

அவன் கொப்பியை மூடிவிட்டு ஒபிசருக்குச் சொன்னான். நீளமாகச் சொல்லவில்லை. ஒபிசர் இவரை முதல் தடவையாக நன்றாகப் பார்த்தார். அந்த ஊர்களில் பாதியில் அவர்களுடைய காம்ப் இருந்தது. கூட வந்த சினேகிதர்கள் இருந்திருப்பார்கள்.

"அது எஞ்சினுக்கு வைச்ச பேர் தம்பி."

"எஞ்சினுக்கு ஏன்யா சாவகச்சேரின்னு பேரு?"

"இலக்கம் மறந்துபோகும். ஸ்ரேசன் மறக்காது."

உண்மை. யாழ்ப்பாணத்தில் யாரிடம் சொன்னாலும் தலையாட்டியிருப்பார்கள். மதுரைக்காரன் தலையாட்டவில்லை.

ஒபிசர் கையைக் காட்டினார். துவக்குக்காரன் இவருடைய தோளைப் பிடித்து எழுப்பினான். இவர் பதறிப்போய், "ஓட்டிக் காட்டிறன், ஒருக்கால் பாருங்கோ," என்று ரின் பெட்டியை நோக்கிக் கையை நீட்டினார். மூன்று துவக்கு ஒரே நேரத்தில் உயர்ந்தது. கை அந்தரத்தில் நின்றது.

அதுதான் சிக்கல். விளையாட்டுச் சாமான் என்று காட்டப் பொத்தானை அமத்த வேண்டும். அமத்தினால் சாவகச்சேரியில் ஏதோ வெடிக்கும் என்றுதான் அவர்கள் பயப்பட்டார்கள். அமத்தாமல் இவர் லொறியில் ஏறப்போகிறார். வாயால் சொல்லி இனி யாரும் நம்பப்போவதில்லை.

எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும், அது பிறவிக் குணம். நான் நேரே மதுரைக்காரனிடம் போனேன்.

"தம்பி, உங்கடை ஆளின்ரை முதுகிலை ரேடியோ கிடக்குத்தானே? சாவகச்சேரியிலை நிக்கிற உங்கடை ஆக்களைக் கூப்பிடுங்கோ. எல்லாரையும் கட்டிடத்தை விட்டு வெளியிலை வந்து வெட்டையிலை நிக்கச் சொல்லுங்கோ. இஞ்சை நாங்கள் பதினொண்டை அமத்திறம். அங்கை என்ன நடக்குதெண்டு அவையள் சொல்லட்டும். ஏதும் நடந்தா ரெண்டு பேரையும் இதிலையே சுடுங்கோ."

"பாலேஸ், நீர் சும்மா இரும்," என்றார் இவர்.

"நீங்கள் கதைச்சது காணும்."

மதுரைக்காரன் என்னைப் பார்த்துவிட்டு ஒபிசருக்குச் சொன்னான். ஒபிசர் மேடையை ஒருமுறை சுற்றி நடந்தார். பிறகு ரேடியோக்காரனைக் கூப்பிட்டார்.

முக்கால் மணித்தியாலம் ஆனது. சாவகச்சேரியில் ஒரு காம்ப் முழுவதும் சோறு சமைக்கிற ஆள் உட்பட வெளியே வர வேண்டும் அல்லவா? எங்கள் வீட்டிலும் ஒபிசர், மதுரைக்காரன், ரேடியோக்காரன் தவிர மற்றவர்கள் வளவுக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டார்கள். இவர் கதிரையில் இருந்தார். வேர்வை நாடியால் சொட்டியது. பதினெட்டு வருடம் ஒவ்வொரு புயலுக்கும் ரேடியோ கேட்டுக்கொண்டு இருந்தவள் நான். கடல் விட்டுவைத்த மனுசனை ஒரு பிஸ்கற் ரின் கொண்டுபோகப் போகிறது.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று பாதியில் வந்தது. அந்த நாட்களில் சாவகச்சேரியில் ஏதாவது வெடிப்பதற்கு எங்கள் பெட்டி தேவையில்லை. நாளுக்கு ஒன்று எங்கேயாவது வெடித்துக்கொண்டுதான் இருந்தது. நான் பொத்தானை அமத்துகிற நேரம் பார்த்து எவனாவது எதையாவது வெடிக்க வைத்தால்? இந்த யோசனையைச் சொன்னதே நான். அம்மாளாச்சி, அஞ்சு நிமிசம் அந்த ஊர் சும்மா இருக்கட்டும் என்று மன்றாடினேன்.

ரேடியோ இரைந்தது. ஒபிசர் என்னைக் காட்டி, "அந்தம்மா அமுத்தட்டும்," என்று சொல்லச் சொன்னார்.

அமத்தினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. சாவகச்சேரியிலும் நடக்கவில்லை, மேடையிலும் நடக்கவில்லை. பதினோராம் எஞ்சின் கறுப்பாக, சும்மா நின்றது. ரேடியோவில் ஒரு குரல் ஏதோ சொன்னது. அங்கே எல்லாம் சரியாம். ஒபிசரின் முகம் இளகவில்லை. ரயில் என்றார்களே, ஓடவில்லையே, அப்படியென்றால் இது என்ன என்றுதான் அந்த முகம் கேட்டது. நான் திரும்பவும் அமத்தினேன். திரும்பவும். அவசரத்தில் விரல் பக்கத்துப் பொத்தானில் முட்டியது, ஒபிசர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"உப்பு," என்றார் இவர் மெதுவாக.

"என்னய்யா?"

"கடற்காத்து, தம்பி. பற்றறியை மிச்சம்பிடிச்சு ரெண்டு கிழமையாய் ஓட்டேல்லை. தண்டவாளத்திலை உப்புப் படிஞ்சுபோச்சு. துடைக்கவேணும். மண்ணெண்ணெய் இருந்தாக் காணும்."

பருத்தித்துறையில் சைக்கிள் கம்பி தொடக்கம் சாமி அறை விளக்கு வரை உப்புத் தின்னாத இரும்பு இல்லை. மதுரைக்காரனுக்கு அதைச் சொல்லி விளங்கப்படுத்த இன்னும் ஐந்து நிமிடம். ஒபிசர் கையை விட்டார். நான் குசினியில் இருந்து மண்ணெண்ணெய்ப் போத்தலை எடுத்துவந்து, சேலைத் தலைப்பை நனைத்து, தண்டவாளத்தைத் துடைக்கத் தொடங்கினேன். மேடையைச் சுற்றி ஒரு முழு வட்டம். இவ்வளவு வருடமும் இந்தச் சனியனைத் தூசு தட்ட மாட்டேன் என்று அடம்பிடித்த நான் ஒரு அங்குலம் விடாமல் துடைத்தேன். ரேடியோவில் சாவகச்சேரி இன்னும் வெயிலில் நின்றது.

பிறகு அமத்தினேன்.

பதினொன்று ஒரு தரம் திடுக்கிட்டது. பிறகு புறப்பட்டது. அதற்கு முன்னாலும் பின்னாலும் அதே தண்டவாளத்தில் நின்ற நாலு எஞ்சின் அசையவில்லை. அது தன்பாட்டில் ஊர்ந்துபோய் முன்னால் நின்ற எஞ்சினை முட்டப்போக, இவர் கதிரையில் இருந்தபடியே, "நிப்பாட்டும், நிப்பாட்டும்!" என்று கத்தினார். நிற்பாட்டினேன்.

ரேடியோவில் குரல் வந்தது. எல்லாம் சரி.

ஒபிசர் ஒரு பெரிய மூச்சு விட்டார். பிறகு தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து ஒன்றை அமத்தினார், இரண்டை அமத்தினார். சிரிப்பு வந்துவிட்டது அந்த மனுசனுக்கு. வளவுக்குள் படுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழும்பி வந்து யன்னலால் பார்த்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒழுங்கைச் சனம். வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு இராசமலர். இவர் எழும்பி நின்று எந்த எஞ்சின் எந்த வருடம், என்ன விலைக்கு மாற்றினார் என்று தொடங்கிவிட்டார். நான் தடுக்கவில்லை. உயிரோடு இருக்கிறார், கதைக்கட்டும் என்று விட்டேன்.

அங்கேதான் பிழை விட்டேன்.

ஆமி இவரை விட்டுவிட்டுப் போனதற்கு அடுத்த நாள் பின்னேரம் நாலு மணிக்கு இயக்கத்துப் பொடியள் இரண்டு பேர் சைக்கிளில் வந்தார்கள். பொடியள் என்றாலும் பெரியவனுக்கு முப்பது வயது இருக்கும். பெயர் கேட்கிற வழக்கமில்லை. செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து, தேத்தண்ணி குடித்து, கோப்பையைக் கொண்டுவந்து குசினியில் வைத்தான்.

"அண்ணை, உங்கடை பெட்டியைப்பற்றி ஊரெல்லாம் கதை. ஒவ்வொண்டுக்கும் தனித்தனி இலக்கமாமே?"

"ஓம்," என்றார் இவர்.

"தண்டவாளம் இல்லாமல், காத்தாலை அனுப்பேலுமோ? ஒரு நூறு யார் தூரத்துக்கு?"

ஏலும் என்பது இவர் முகத்தில் எழுதியிருந்தது, நான் பார்த்தேன், அவனும் பார்த்தான்.

"யோசிச்சு வையுங்கோ அண்ணை. நாளைக்குக் காலமை வாறம்." என்னிடமும் சொன்னான். "வாறம் அக்கா."

அது கேள்வி இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆமியிடம் இவரைக் காப்பாற்ற, அந்தப் பெட்டி ஒழுங்காக வேலை செய்கிறது என்று ஊர் முழுக்கக் கூட்டிவைத்துக் காட்டியது நான். எங்கேயாவது போய்விடலாம் என்றால் போவதே ஒரு பதில் ஆகிவிடும். ஓம் என்றால் இந்த மனுசன் செய்கிற ஒவ்வொரு தகட்டுக்கும் ஒரு றோட்டில் ஒரு கண்ணிவெடி, ஒரு லொறி, அழுகிற சில தாய்மார். பிறகு ஆமி திரும்ப வரும். இந்தமுறை உப்புத் துடைக்க நேரம் தராது.

திரும்பிப் பார்த்தேன். இவர் மேடைக்கு முன்னால் இருந்து சின்னத் திருப்புளியால் முதலாம் எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"உடனை தொடங்கியாச்சோ?" என்று கத்தினேன். வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். உங்களுக்கு உங்கடை கெட்டித்தனம்தான் பெரிசு, கேட்டது யாரெண்டாலும் காட்டத்தான் வேணும், நான் செத்தாலும் ஒண்டுதான், என்று. சொல்லக்கூடாத ஒன்றையும், பிள்ளை இல்லாததைப்பற்றி, சொன்னேன். அதை இன்றுவரை நினைத்து வெட்கப்படுகிறேன்.

இவர் எஞ்சினுக்குள் இருந்து தகட்டை வெட்டி எடுத்தார். எழும்பிவந்து என் கையில் வைத்தார்.

"அடுப்பு எரியுதோ?" என்று கேட்டார்.

பொழுதுபடும் மட்டும் அவர் கழற்றித் தந்தார், நான் அடுப்பில் போட்டேன். முப்பத்தெட்டு. பையில் மிச்சம் இருந்த சிப்புகளையும் கொட்டினேன். குசினி முழுக்கக் கண்ணை எரிக்கிற நாற்றம். ரின் பெட்டியை அவரே உலக்கையால் இடித்தார். கொப்பியைக் கிழித்துப் போட்டார். இருபதாவதோ என்னவோ தரும்போது அதை ஒருதரம் திருப்பிப் பார்த்தார். ஒன்றையாவது வைத்திருங்கோ என்று எனக்கு வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டு அதையும் அடுப்பில் போட்டேன்.

காலையில் அவர்கள் வந்தார்கள். இவர் வாசலிலேயே நின்றார்.

"ராத்திரிப் போட்டுப் பார்க்கப் பெட்டி எரிஞ்சுபோச்சு, தம்பி. ஆமிக்காறர் முந்தநாள் கண்டபடி அமத்தினவை. எல்லாம் போச்சு. மணத்தைப் பாரும்."

"அதுக்கென்ன அண்ணை, திரும்பச் செய்யலாம்தானே? சாமான் நாங்கள் கொண்டந்து தருவம்."

"ஏலாது தம்பி. உது நான் செய்தது இல்லை. கப்பலிலை ஒரு ஜேர்மன்காரன் செய்து தந்தவன். எனக்கு உதைப்பற்றி ஒண்டும் தெரியாது."

"நீங்கள்தான் செய்ததெண்டு நீங்களே சொல்லித் திரிஞ்சனீங்கள்?"

"சும்மா பெருமைக்குச் சொன்னது."

அவன் இவரை மேலும் கீழும் பார்த்தான். உள்ளே வந்து மண்டபத்தைப் பார்த்தான். வயிறு கிழிந்த எஞ்சின்களைப் பார்த்தான். அவன் முகத்தில் நேற்று இருந்த மரியாதை வடிந்து, ஒரு சிரிப்பு வந்தது. கிழவன் புளுகியிருக்கிறான் என்கிற சிரிப்பு. இந்தமுறை எனக்கு வாறம் சொல்லவில்லை. இரண்டு பேரும் சைக்கிளில் ஏறிப் போனார்கள்.

மத்தியானத்துக்குள் ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிட்டது. நான் உடுப்புக் காயப்போடப் போனபோது இராசமலர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று யாருக்கோ உரத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். "பஞ்சலிங்கத்தார் இவ்வளவு நாளும் அவிட்டு விட்டதெல்லாம் பொய்யாம். எவனோ வெள்ளைக்காரன் செய்ததைத் தான் செய்தனெண்டு சொன்னவராம்." பிறகு இரண்டு பேரின் சிரிப்பு.

வேறு நாளென்றால் அந்த வேலி அன்றைக்கு நின்றிருக்காது. நான் வாயைக் கடித்துக்கொண்டு உள்ளே வந்தேன். இவர் யன்னலடியில் இருந்தார். கேட்டிருப்பார்.

"கேட்டதோ?" என்றேன்.

"ஓம்," என்றார். "நல்லாச் சொல்லட்டும். பருத்தித்துறை முழுக்கச் சொல்லட்டும்."

நான் அவருக்குப் பக்கத்தில் இருந்து அழுதேன்.